அப்பாவுக்கு 72, அண்ணனுக்கு 38: ஒரு வீட்டுக்குள் எத்தனை அரசு மருத்துவக் காப்பீடு?

பாலக்கோடு வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் அவருடைய அப்பாவுக்கு வயது 72. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டதால் மூட்டு மாற்று அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அம்மாவுக்கு 66 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. அண்ணனுக்கு 38 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவர், அவ்வப்போது வலிப்பும் வருகிறது. இம்மூவரும் ஊரில் ஒரே குடும்ப அட்டையில் இருக்கிறார்கள். கேட்டவர் திருமணமாகி ஓசூரில் தனி அட்டை வைத்திருக்கிறார்; சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் உண்டு. யாருக்கு எந்த அரசுக் காப்பீடு பொருந்தும், அறுவையைப் பெங்களூரில் செய்துகொள்ள முடியுமா என்பதே அவர் கேள்வி.

மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து, அட்டையோடு வந்தவர்களையும் அட்டை இருந்தும் பயன்படாமல் திரும்பியவர்களையும் பார்த்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். இந்த வீட்டில் மூவரின் எல்லாத் தேவைக்கும் போதுமான ஒரே காப்பீடு என்று எதுவும் இல்லை. அப்பாவுக்கு வயதின் வழியாக ஒரு வாசல், அண்ணனுக்குக் குறைபாட்டுச் சான்றின் வழியாக ஒரு வாசல், அம்மாவுக்கு மகனின் வேலை வழியாக ஒரு வாசல், மூவருக்கும் சேர்த்து வருமானத்தின் வழியாக ஒரு வாசல் என்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் கேட்கப்படும் காகிதம் வேறு. நோய் வந்து படுத்த பிறகு இந்தக் காகிதங்களைத் தேடத் தொடங்குவதுதான் நம் மாவட்டங்களில் குடும்பங்கள் கடனில் விழுவதற்கு நான் கண்ட முதல் காரணம்.

வருமானத்தின் வழியாக வருவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பின், 2012 ஜனவரி 11 முதல் இந்தப் பெயரில் நடந்து வருகிறது. 2018இல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து காப்பீட்டுத் தொகை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. முன்பு 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சந்தாவை அரசே கட்டுகிறது. பயனாளி ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. வயது வரம்பு கிடையாது. முன்பே இருக்கும் நோயென்று யாரையும் தள்ளிவிடுவதும் கிடையாது. முதியவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் இவ்விரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் ஒருமுறையாவது விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த 5 லட்சத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது நம் பெயரில் வங்கியில் போட்டு வைத்த பணத்தைப் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஓராண்டுக்கான உச்ச வரம்பு. செலவாகாத தொகை அடுத்த ஆண்டுக்குச் சேர்ந்துகொள்ளாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று திட்டத்தில் முன்கூட்டியே விலை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனை அந்தத் தொகையைத்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் கோர முடியும். அதற்கு மேலாகும் வித்தியாசத்தை நோயாளியிடம் வாங்கக் கூடாது. சிகிச்சைக்கு முன் மருத்துவமனை, பரிசோதனை அறிக்கைகளை அனுப்பி முன் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி வந்த பிறகுதான் காப்பீடு கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். "அட்டை இருக்கிறது, சேர்த்துவிட்டோம்" என்பதோடு நின்றுவிடாமல், எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகைக்கு அனுமதி வந்திருக்கிறது என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக எவரும் கோபப்பட நியாயமில்லை.

மருத்துவமனைகளைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தனியார் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்பதற்காக அங்குள்ள எல்லாத் துறைகளுக்கும் அது செல்லும் என்று பொருளில்லை. இதய சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் எலும்பு அறுவைக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்து உள்ளே நுழையாமல், 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில், "இந்த மருத்துவமனையில், இந்த அறுவைக்கு, இந்த அட்டை செல்லுமா?" என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். பாதிக் கேள்வி கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும்.

அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம்தானே, அங்கே அட்டையை எதற்குக் காட்ட வேண்டும் என்று முதியவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அவசியம் காட்ட வேண்டும். செயற்கை மூட்டு, இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் போன்ற விலையுயர்ந்த பொருள்களுக்கு அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டின் வழியாகத்தான் பணம் பெறுகின்றன. அந்தத் தொகை மருத்துவமனைக்கே வந்து சேர்ந்து, கருவிகள் வாங்கவும் வார்டுகளை மேம்படுத்தவும் பயன்படுகிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 2022இல் போலுப்பள்ளியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரியிலோ, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ சேரும்போது அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்தால் உங்களுக்கும் நல்லது, உங்களுக்கு அடுத்து அந்தப் படுக்கைக்கு வருபவருக்கும் நல்லது.

இனி இந்தக் குடும்பத்துக்கு வருவோம். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் தனிக் குடும்ப அட்டையில் இருப்பதால், நிலத்து வருமானமும் மற்றவையும் சேர்ந்து ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்தத் திட்டத்தில் சேரலாம். குடும்ப அட்டை, மூவரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். மகனின் சம்பளம் இதில் சேராது. ஏனெனில் அவர் உண்மையாகவே தனிக் குடும்பம். இதைப் படித்துவிட்டு, ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பில் சமைத்து வாழும் சிலர், காப்பீட்டுக்காகவே அப்பா அம்மாவின் பெயரை அட்டையிலிருந்து நீக்கித் தனி அட்டை வாங்கலாமே என்று நினைக்கக்கூடும். அப்படிச் செய்ய வேண்டாம். அது பொய்யான உறுதிமொழி என்பது ஒரு பக்கம் இருக்க, பெயர் நீக்கிய பிறகு புதிய அட்டை வரும்வரையிலான இடைவெளியில் அந்த முதியவர் எந்தக் குடும்பத்திலும் இல்லாதவராகிவிடுகிறார். அந்த இடைவெளியில் மாரடைப்பு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனைப் பொறுத்தவரை இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இத்திட்டத்தில் குடும்பம் என்பது தகுதியுள்ளவர், அவருடைய துணைவர், அவர்களைச் சார்ந்துள்ள பெற்றோர், பிள்ளைகள் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் என்பது வேலைக்குப் போகும்வரை, திருமணமாகும்வரை, அல்லது 25 வயதுவரை, இவற்றில் எது முந்தியோ அதுவரைதான். வேலைக்கும் போகாத, திருமணமும் ஆகாத, பெற்றோரையே முழுவதும் சார்ந்திருக்கும் 38 வயது மகன் வாழ்க்கையில் குழந்தையாகவே இருந்தாலும் விதியின் எழுத்தில் வெளியே நிற்கிறார். எனவே அட்டை எடுக்கும்போதே அவருடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் காட்டி, அவர் பெயர் பதிவில் ஏறியிருக்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே மனுவாக எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்படும் மனுவுக்குப் பதிவு எண் உண்டு என்பதால், அதைத் தொடர்ந்து கேட்கவும் முடியும். 25 வயது என்ற வரம்பு, தம் காலில் நிற்கக்கூடிய பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காலமெல்லாம் பெற்றோரின் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்துவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

அண்ணனுக்கு உரிய தனி வாசல் நிராமயா என்னும் காப்பீடு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று உடையவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை இது காப்பளிக்கிறது. வயது வரம்பு இல்லை. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். புதுப்பிக்கும்போது அது முறையே 50 ரூபாயும் 250 ரூபாயும் ஆகிறது. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக விண்ணப்பிக்கலாம். அருகிலுள்ள நிறுவனம் எது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

தொகை சிறியது என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய காப்பீடுகள் தொடாத இடங்களை இது தொடுகிறது. படுக்கையில் சேராமல் புறநோயாளியாகப் பார்க்கும் வைத்தியம், மருந்து, தொடர்ந்து தேவைப்படும் இயன்முறை மற்றும் பேச்சுப் பயிற்சி, பல் வைத்தியம், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவில் ஒரு பகுதி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு மட்டும் உண்டு. மாதந்தோறும் வலிப்பு மாத்திரை வாங்கும் குடும்பத்துக்கு இதன் அருமை புரியும். குறிப்பிட்ட மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆனால் இது பணமில்லாச் சிகிச்சையன்று. நாம் முதலில் செலவு செய்துவிட்டு, ரசீது கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். ஆகையால் மருந்துக்கடையில் துண்டுச்சீட்டில் கூட்டிக் கொடுக்கும் கணக்கு உதவாது. அண்ணன் பெயரில், தேதியோடு, மருத்துவர் சீட்டோடு பொருந்தும் ரசீதாகக் கேட்டு வாங்கி, செலவு செய்த கையோடு கோரிக்கையை அனுப்பிவிட வேண்டும். காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால், பொங்கல் கழிந்ததும் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் அடித்தளம் குறைபாட்டுச் சான்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான உதவிகளுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்ற மதிப்பீடு தேவை. பழைய அடையாளப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள், யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டையையும் வாங்கிவிட வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மனநல மருத்துவரும் உளவியலாளரும் மதிப்பிட வேண்டியிருப்பதால் ஒரே நாளில் முடியாமல் போகலாம். புதிய இடத்தில் அவர் பயந்து ஒத்துழைக்காமல் போவதும் உண்டு. அவரை நன்கு அறிந்த அம்மாவே உடன் போவது நல்லது. இதே சான்றைக் கொண்டு தமிழக அரசு வழங்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அது காப்பீட்டில் சேராது என்றாலும் மருந்துச் செலவைத் தாங்கும்.

அப்பாவின் 72 வயது திறக்கும் வாசல் 2024இல் வந்தது. 70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அமைச்சரவை அவ்வாண்டு செப்டம்பரில் முடிவெடுத்தது. அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா என்ற பெயரில் தனி அட்டை அறிமுகமானது. ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருக்கும் குடும்பத்து முதியவருக்கு, குடும்பத்தின் 5 லட்சத்துக்கு மேல் இது தனியாக இன்னொரு 5 லட்சம். அதை 70 வயதுக்குக் குறைந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஒரே குடும்பத்தில் 70ஐத் தாண்டியவர் இருவர் இருந்தால் அந்தத் தொகை இருவருக்கும் பொது. தனியார் காப்பீடோ இ.எஸ்.ஐ.யோ இருப்பவர்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் அதுவா இதுவா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போகும் அதே நாளில் அப்பாவுக்கு இந்த அட்டையையும் கேளுங்கள். அட்டை கைக்கு வந்து, அறுவை செய்யவிருக்கும் மருத்துவமனை அதை ஏற்பதாகச் சொன்ன பிறகே அதை நம்பித் தேதி குறியுங்கள்.

வயதுக்குச் சான்று ஆதார் மட்டுமே என்பதால், நம் பக்கத்து முதியவர்களுக்கு இங்கே ஒரு தடங்கல் வருகிறது. பிறந்த தேதி தெரியாமல், கேட்டதற்கு ஏதோ ஒரு வயதைச் சொல்லி, ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். உண்மையில் 73 வயதானவர் ஆதாரில் 67 ஆக இருப்பார். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும். எனவே உரிய ஆவணம் கையில் கிடைத்த பிறகு, நிதானமாக, ஒரே தடவையில் சரியாக மாற்ற வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்ததால், பழைய ஆவணங்களில் ஒரு மாவட்டமும் புதியவற்றில் வேறு மாவட்டமும் இருப்பதும் உண்டு. அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் பெயரும் தலைப்பெழுத்தும் எல்லா அட்டைகளிலும் ஒன்றாக இருக்கட்டும். காடு கழனியில் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால், கருவிழி அல்லது முகப் பதிவு மூலமும், கைப்பேசிக்கு வரும் கடவு எண் மூலமும் அடையாளம் சரிபார்க்க வழியுண்டு என்பதைச் சொல்லுங்கள். கைப்பேசி எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் என் சொந்த வீட்டில் நடந்தது. என் சித்தப்பா ஐப்பசி மழையில் களத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து விழுந்தபோது, காப்பீட்டு அட்டையில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தன. குடும்ப அட்டையோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருந்தது. சேர்த்த மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் அறுவைக்குத் தேதி தர முடியும் என்று சொன்னார்கள். சித்தி காதுத் தோட்டை அடகு வைத்து 40,000 ரூபாய் கட்டினார். மூன்றாம் நாள் காகிதங்கள் சரியாகி அனுமதி வந்தது. கட்டிய பணம் திரும்ப வர ஆறு மாதம் நடக்க வேண்டியிருந்தது. ரசீது இருந்ததால்தான் அதுவும் வந்தது. எந்த மருத்துவமனையிலும், எந்தக் காரணத்துக்காகவும், ரசீதில்லாமல் பணம் கட்டாதீர்கள். "காப்பீடு வேண்டாம், சொந்தச் செலவில் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருக்கும் தாளில், அவசரத்தில் நீட்டினார்கள் என்பதற்காகக் கையெழுத்தும் போடாதீர்கள்.

அப்பாவின் முழங்காலைப் பற்றி, காப்பீட்டைத் தாண்டி ஒரு சொல். பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்தக் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் குடித்து வளர்ந்த தலைமுறை இது. எலும்பில் புளோரைடு படிந்து மூட்டும் முதுகும் இறுகிப்போகும் நோய் இவர்களிடையே உண்டு. சாதாரணத் தேய்மானம்தானா, புளோரோசிஸ் என்னும் இந்த நோயும் சேர்ந்திருக்கிறதா என்று அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதுகெலும்பும் பாதிக்கப்பட்டிருந்தால் முழங்காலை மட்டும் மாற்றி எதிர்பார்த்த நிம்மதி கிடைக்காமல் போகலாம். நடக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால், அப்பாவும் கை கால் இயக்கக் குறைபாட்டுக்கான சான்றுக்கு விண்ணப்பிக்கத் தகுந்தவர்தான். வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து நம் முதியவர்கள் அதைக் கேட்பதே இல்லை.

அம்மாவுக்கு உண்மையில் தேவைப்படுவது அறுவைக்கான காப்பீட்டைவிட, மாதம் தவறாத மாத்திரை. மேலே சொன்ன முதலமைச்சர் திட்டமும் ஆயுஷ்மான் திட்டமும் முதன்மையாகப் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானவை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தமிழகத்துக்கே தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தருகிறார்கள். அறுவைக்குப் பின் அப்பாவுக்கு முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி பல வாரங்கள் தேவைப்படும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி இதற்குப் பதிவு செய்துவிடுங்கள். மூட்டு மாற்று அறுவையின் பாதிப் பலன் அந்தப் பயிற்சியில் இருக்கிறது.

இரண்டாவது வழி உங்கள் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருகிறார்கள். மாற்றுத்திறனாளித் தொழிலாளருக்கு வரம்பு 25,000 ரூபாய். தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்டுகிறார்கள். மனைவி மக்களுக்கு மட்டுமே இது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். தொழிலாளியைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவ உதவி உண்டு. அவர்களுடைய எல்லா வருமானமும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. புறநோயாளி வைத்தியம், மருந்து, மருத்துவமனைச் சேர்க்கை எல்லாம் இதில் அடங்குவதால், அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் சொல்லி, பெற்றோரின் பெயரையும் புகைப்படத்தையும் குடும்பப் பதிவில் சேருங்கள். வயது வந்த அண்ணனை உங்கள் இ.எஸ்.ஐ.யில் சேர்க்க விதி இடம் தராது. சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்த அரையாண்டுச் சந்தாக் காலம் முடியும் வரை சந்தாப் பிடித்தம் தொடரும். அந்தச் சந்தாவுக்கு உரிய பயன் காலம் முடிந்ததும் மருத்துவ உதவி நின்றுவிடும். சம்பள உயர்வுக் கடிதம் வரும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர், சிப்காட் பகுதிகளில் ஓய்வு பெறும் நிலையில் இருக்கும் உங்கள் மூத்த தோழர்களுக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாயை மொத்தமாகக் கட்டினால், தமக்கும் துணைவருக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெறலாம். வேலையிடத்து விபத்தால் நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டு வேலையை விட்டவருக்கும், ஓய்வு வயது வரை இதே தொகையில் இது உண்டு. பணிக்கொடையையும் வருங்கால வைப்பு நிதியையும் ஓடி ஓடி வாங்கும் தொழிலாளர்கள் இந்த 120 ரூபாயைக் கட்டாமல் விட்டு, பின்னாளில் வருந்துவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

தமிழக அரசு ஓய்வூதியர் வீடுகளுக்கு வழி வேறு. அவர்களுக்கென்று 2022 ஜூலை முதல் நான்காண்டுக் காலத்துக்கு வந்த புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடித்தம் என்று வகுக்கப்பட்டது. 5 லட்சம் என்பது நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்த வரம்பு, பட்டியலிடப்பட்ட கடும் நோய்களுக்கு 10 லட்சம். ஆண்டுக்கு 5 லட்சம் என்று தவறாக நினைத்து முதல் ஆண்டிலேயே செலவழித்துவிட்டுத் திகைத்தவர்கள் உண்டு.

கடைசியாகப் பெங்களூர். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பெரிய மருத்துவமனைகள் இருக்கும்போது சேலத்துக்கு ஏன் போக வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் ஒரே அட்டையைப் போலத் தோன்றினாலும் பயனாளிகளில் இரண்டு வகை உண்டு. 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் பட்டியலில் பெயருள்ள குடும்பங்கள் ஆயுஷ்மான் பாரத்தின் பயனாளிகள். அவர்கள் அத்திட்டத்தில் சேர்ந்த வேறு மாநில மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். வருமானச் சான்றின் அடிப்படையில் மாநில அரசு தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது. வேலைக்குப் போகும் உடல்வலுவுள்ள பெரியவர் எவரும் இல்லாமல் மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் கிராமத்துக் குடும்பம், அந்தக் கணக்கெடுப்புப் பட்டியலில் இடம்பெறுவதற்கான அளவுகோல்களில் ஒன்று. ஆகவே உங்கள் ஊர் வீட்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று 14555 என்ற எண்ணில் கேட்டுப் பாருங்கள். இருந்தாலும்கூட, உங்கள் அப்பாவுக்கு நான் சேலத்தையோ தர்மபுரியையோதான் சொல்வேன். மூட்டு மாற்று அறுவை அவசரமாகச் செய்ய வேண்டியதன்று; ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கலாம். இரண்டாவது காலுக்கும் பின்னர் அறுவை செய்ய வேண்டியிருக்கும். தையல் பிரிக்கவும் மறுபரிசோதனைக்கும் பல முறை போக வேண்டியிருக்கும். அந்த ஒவ்வொரு முறையும் அவரை வண்டியில் ஏற்றி இறக்கி, மொழி தெரியாத இடத்தில் உடன் இருக்கப்போவது 66 வயது அம்மா. அந்த நாள்களில் அண்ணனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் எழும். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குக் காலையில் பேருந்து ஏறினால், அண்ணனுக்கு மதியச் சோறு போடும் நேரத்துக்கு அம்மா வீடு திரும்பிவிடலாம்.